ரெண்டு ஜோடி செருப்பு

கோரிமேடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும் இருந்தார்கள். வெளியூர்க் குடும்பக் கோர்ட்டுக்குப் போய்விட்டு வருகிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. தங்கையின் மடியில் ஒரு துணிப்பை.

“ஜட்ஜே போனப்பறம் அவரு தீர்ப்பு மட்டும் எப்படிக்கா நிக்கும்?” என்றாள் தங்கை.

“அவரைத்தான்டி சஸ்பெண்டு பண்ணாங்க. தீர்ப்பை இல்ல. வக்கீலு எத்தினி வாட்டி சொன்னாரு? பாப்பாவைக் கையோட கூட்டியாறேன்னு நீ பாட்டுக்குக் கெளம்பிட்ட.”

“கேஸுக்கு வர பொம்பளைங்களைக் கேவலமாப் பேசினதுக்குத்தான நிறுத்தினாங்க? என்னையும் அப்படித்தான பேசினாரு? புருஷன் ஊட்ல பொழைக்கத் தெரியாதவளுக்குப் புள்ள எதுக்குன்னு, அத்தினி பேர் முன்னால. பேசினது தப்பு, அதே வாயால பாப்பாவை எம் புருஷன்கிட்ட குடுத்தது மட்டும் சரியா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது திரும்பவில்லை.

“ஜட்ஜுக்கென்ன, ஊட்ல குந்திகினு பாதி சம்பளம் வாங்குவாரு. நாமதான் அப்பீல் போட்டு வருசக்கணக்கா அலையணும்” என்ற அக்கா, பைக்குள் கையை விட்டாள். குழந்தைச் செருப்பு வந்தது. அடியில் இன்னொரு ஜோடி, கொஞ்சம் பெரியது.

“ஏன்டி ரெண்டு?”

“பாத்து ஒரு வருசமாச்சே. கால் எவ்ளோ வளந்திருக்கும்னு தெரியல.”

“சரி, சின்னதைக் கடையில திருப்பிக் குடுத்துட்டுப் பெரிசை வெச்சிக்க.”

“அப்பீல் முடியறதுக்குள்ள அதுவும் பத்தாமப் போயிடும்க்கா.”