தாளின் கடைசி வரி

அப்பா: ...அதனால திங்கக்கிழமை எட்டு மணிக்கு மாமாவோட இரும்புக் கடையில நிக்கிறே. அவ்வளவுதான்.

மகன்: ஆணி நிறுக்கவாப்பா? நான் படிச்சது வரலாறு...

அப்பா: அதைத்தான் ஒன்றரை வருஷமா படைக்கிறியே, படுத்தபடியே!

மகன்: எனக்குன்னு ஒரு வழி...

அப்பா: ரிட்டயர் ஆன நானே தினமும் சாயங்காலம் நூலகத்துக்குப் போறேன். நீ? எந்திரிச்சு காலண்டரைப் பாரு. இன்னைக்குத் தாள்ல கடைசி வரி என்ன?

மகன்: “விடிந்ததே தெரியாதவனுக்கு வழி எங்கே தெரியும்?”

அப்பா: பார்த்தியா! நேத்து?

மகன்: “போர்வைக்குள் போட்ட திட்டம் பொழுதுக்கும் தூங்கும்.”

அப்பா: உன்னைப் பக்கத்துல இருந்து பார்த்து எழுதின மாதிரியே இருக்கு. என்ன, நடைதான் மட்டம். போன வருஷம் வரைக்கும் ஒரு கம்பீரம் இருந்துச்சு.

மகன்: எது, “உழைப்பே உயர்வு”, “பொறுமையே பெருமை”யா? முந்நூத்தி அறுபத்தஞ்சு கொட்டாவி!

அப்பா: கொட்டாவியா? அந்த மனுஷன் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு... சரி, பேச்சை மாத்தாதே.

மகன்: மாத்தலைப்பா. இந்த வருஷத்து வரியெல்லாம்... நான் எழுதினது.

அப்பா: எது?

மகன்: அச்சகத்துல கேட்டாங்க. அடுத்த வருஷத்துக்கும் நான்தான்.

அப்பா: தனக்கு வழி தெரியாதவன் ஊருக்கு வழி சொல்றியா!

மகன்: இப்படிச் சொல்வீங்கன்னுதான் சொல்லலை.

அப்பா: பத்து மணிக்கு எந்திரிக்கிறவன்... உனக்கு எங்கேர்ந்துடா வந்துச்சு இவ்வளவு ஞானம்?

மகன்: காலையில என்னை எழுப்பும்போது நீங்க திட்டுவீங்கள்ல... போர்வைக்குள்ளேயே குறிச்சுக்குவேன். கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்துடுவேன்.

அப்பா: அடப்பாவி, என் திட்டா அது?

மகன்: ஆமாப்பா. மாமா கடைக்குப் போனா நானே ஆறு மணிக்கு எந்திரிக்கணும். திட்டே கிடைக்காது. அப்புறம் எதை எழுதுறது? அதான்ப்பா மாட்டேங்கிறேன்... அப்பா? கோபமா?

அப்பா: அந்த அச்சகத்துக்காரர்... மூக்கு நுனியில கண்ணாடி தொங்குமே, அவரா?

மகன்: ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: ஏழு வருஷம் நூலகத்துல உக்காந்து “உழைப்பே உயர்வு” எழுதிக் கொடுத்தவன் நான்டா. “இனிமே வேண்டாம் சார், உறைக்கிற மாதிரி எழுத ஒரு பையன் கிடைச்சிட்டான்”னு அனுப்பிட்டான். என் வரி கசக்குது, என் திட்டு இனிக்குது அவனுக்கு! மாமா வேற ஆள் பார்த்துக்கட்டும்... நீ நோட்டை எடுத்துக்கிட்டுப் படு. எழுப்புறேன்.