அஞ்சுக்கு அஞ்சு மார்க்

இன்னா சார், போனத் தூக்கித் தூக்கிக் காட்டுறீங்களே, ஒரு கோடாவது வந்துதா? வராது. அந்தச் சேர்ல குந்துங்க. லைன் வூடு, உள்ள இடம் சின்னது, வாசல்லயே பேசலாம்.

டெல்லில கீற ஆணையம் அனுப்பிச்சுதா? போனு, டிவில அடுத்த வருஷம் எதை மொதல்ல சரிபண்ணலாம்னு எங்களக் கேக்குதா? பரவால்லயே. தங்கச் சுரங்கத்த மூடுனப்பகூட எங்க வூட்ல யாரும் இப்படி வந்து கேக்கல.

சிக்னலா? அஞ்சுக்கு அஞ்சு.

எழுதுங்க சார், ஏன் முழிக்கிறீங்க. பேசும்போது கட்டாவுதாவா? போன் வந்தாதானே கட்டாவுறதுக்கு. நெட்டு ஸ்பீடு, அதுக்கும் அஞ்சு. வேணாத காலா? லோன் வேணுமான்னு ஒருத்தரும் எங்களக் கேட்டதில்ல. பெங்களூர்ல எந்த வூட்ல கெடைக்கும் இந்த வசதி. கேபிள் டிவில எல்லாம் ஒரே சீரியல்தான், அழுவுற மொழிதான் வேற. அதுக்கு நாலு போடுங்க. எல்லாத்துக்கும் அஞ்சு போட்டா டெல்லில சந்தேகப்படுவாங்க.

அவசரம்னா இன்னா பண்ணுவோமா? கத்துவோம். செவுரெல்லாம் ஒட்டிக்கீது, பத்து வூட்டுக்குக் கேக்கும். நடுவுல ஒரு ஆட்டோக்காரர் வூடு.

கடைசி வூட்டு ஐடாக்கா எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுச்சா? போடும். மவ குவைத்துல நர்ஸு. மொகத்தப் பாத்துப் பேசணும்னா மூட்டுவலியோட சுரங்கத்துலேருந்து கொட்டுன அந்த சையனைடு மண்ணு மேட்டு மேல ஏறணும். அதுவும் நெசந்தான்.

உள்ள சிரிக்கிறதா? எங்க வூட்டுக்காரர் மனோகரும் பாப்பாவும். இன்னிக்கு அவுருதான் யானை. பெங்களூர்ல ஒரு குடோன்ல வேலை. பாப்பா எழுந்துக்கறதுக்குள்ள ரயிலேறுவாரு, தூங்குனப்புறம் வருவாரு. ஞாயித்துக்கெழம மட்டும்தான் அதுக்கு அப்பா.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பங்காருபேட்டைல எங்கம்மா வூட்டாண்ட கோயில்ல அதுக்கு மொட்ட. அங்க நாலு கோடு வருது. எங்கண்ணன் மடியில வெச்சு பாதி தலை ஆயிருக்கும், மேனேஜர் போன் பண்ணாரு. இவுரு வேலைக்குக் கெளம்பிட்டாரு. பாதி மொட்டையோட அது அப்பா அப்பான்னு அழுவுது. இவுருக்குப் பொய் வராது சார். ஊர்ல இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. இங்கன்னா சொல்லவே வேணாம், தொடர்பு எல்லைக்கு வெளியன்னு போனே சொல்லிடுது.

சிக்னல் நல்லாக்கீதுன்னு எழுதிட்டா யாரும் சரிபண்ண வரமாட்டாங்கன்னு பாத்தேன். எனக்குப் பொய் வரும்.

ஃபாரம் போன்ல போவலயா? நீங்களும் மேட்டு மேல ஏறுங்க, சொல்ப தூரந்தான், ரெண்டு கோடு வரும்.

சொல்ப நில்லுங்க. நான் சொன்னதெல்லாம் அடிச்சிடுங்க. ஐடாக்கா போட்டதே இருக்கட்டும், பாவம், டவர் வரட்டும். எது மொதல்லன்னு கேட்டீங்கல்ல, அதுல எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுதிக்குங்க. ஐடாக்கா மவளுக்கு அங்க வெள்ளிக்கெழமதான் லீவு. ஞாயித்துக்கெழம மட்டும் டவர அணைச்சு வைக்கச் சொல்லுங்க சார்.