வலது பக்கத்துச் சீட்டு

இடது பக்கம் ஸ்டீயரிங் வைத்த காரில் வலது பக்கம் உட்கார்ந்து வருவதும் ஒரு வேலைதான் என்று சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, இன்ஸ்பெக்டர். டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். நிதானமாகவே சொல்கிறேன். எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

என் பேர் அய்யாவு. செந்தூல்காரன். அப்பா ரயில்வே பட்டறையில் இருந்தார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. லெபோ அம்பாங்கில் சாத்தப்பன் செட்டியாருடைய வட்டிக்கடைக் கிட்டங்கியில் எடுபிடியாகச் சேர்ந்தேன். தபால் ஆபீசுக்குப் போவது, வருகிறவர்களுக்குக் காப்பி வாங்கி வருவது, முதலாளி கூப்பிட்டால் ஓடுவது. கார் ஓட்டத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

எழுபதாம் வருஷம் முதலாளி ஓர் அமெரிக்கக் கார் வாங்கினார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன தண்டர்பேர்ட். ஐம்பத்தேழு மாடல். வெளிர் நீலம், பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி இரண்டு வால், பக்கவாட்டில் கப்பலில் இருப்பது போல வட்டக் கண்ணாடி. மற்ற செட்டியார்களெல்லாம் டிரைவர் வைத்துப் பின்னால் உட்கார்ந்து போவார்கள். இந்தக் காரில் பின்னால் உட்கார இடமே கிடையாது. இரண்டே சீட்டு. சொந்தக்காரனே ஓட்டி ரசிக்க வேண்டும் என்று செய்த கார். முதலாளிக்கு அதுதான் பிடித்தது. ஸ்டீயரிங்கை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

அவருக்குக் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் நடுவில் ஓர் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் இருந்தது. அங்கே போகிற ரோடு அப்போது ஒற்றை ரோடு. முன்னால் ஒரு லோரி போனால் போதும், இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு அந்த லோரியின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. எதிர்ப்பக்கம் என்ன வருகிறது என்பது வலது சீட்டில் இருப்பவனுக்குத்தான் தெரியும். முதல் நாள் ஏதோ சாமான் தூக்கத்தான் என்னை ஏற்றிக்கொண்டார். வழியில், "அய்யாவு, போலாமா?" என்று கேட்டார். நான் தலையை நீட்டிப் பார்த்து, "போலாம் முதலாளி," என்றேன். மிதித்தார். அந்தக் கார் லோரியைத் தாண்டியது எனக்கு இன்னும் வயிற்றில் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் இல்லாமல் அவர் வண்டியை எடுத்ததில்லை. நான் "இருங்க" என்றால் இருப்பார். "போலாம்" என்றால் போவார். ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. கிட்டங்கியில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவர் முன்னால் நின்றுகொண்டு பேசுவார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போகலாமா வேண்டாமா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு வாழ்க்கையில் இடம் இருந்ததில்லை.

எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். எதிரே வருகிற வண்டியின் முன்கண்ணாடி வெறும் பளபளப்பாகத் தெரிந்தால் போகலாம். கண்ணாடிக்குள் ஓர் ஆள் இருப்பது தெரிந்துவிட்டால் போகக்கூடாது. அந்தச் சின்னக் காருக்கு அது சரியான கணக்கு.

நாலு வருஷம் கழித்து முதலாளியின் மனைவி, எங்கள் ஆச்சி, தானும் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ரெண்டு சீட்டுக் காரில் எங்கே உட்கார்த்துவது? முதலாளி அதைக் கொடுத்துவிட்டு அதே தண்டர்பேர்ட்டில் அறுபத்தாறு மாடல் வாங்கினார். நாலு சீட்டு, நல்ல கனம், உள்ளே சோபா மாதிரி இருக்கும். திரும்பும்போது பின்விளக்கு உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக ஓடி எரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் முதலாளி வீட்டு முனையில் அதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். ஆச்சியும் மகள் நாகம்மையும் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால்தான். எடுபிடி முன்னால், ஆச்சி பின்னாலா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். முதலாளி, "அவன்தான் என் வலது கண்ணு," என்று சொல்லி முடித்துவிட்டார். அந்தக் காருக்கு எடை கூடினாலும் என்ஜினும் பெரிசு. என் கணக்கு மாறவில்லை.

மூன்றாவது கார் எழுபத்தெட்டில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கர் ஒருவருடையது. எழுபத்தேழு மாடல். மூக்கு நீண்டு, முன்விளக்குகளுக்கு இமை வைத்து, பகலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். பேர் அதேதான். முதல் காரையும் இதையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே குடும்பம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அது வந்த மாதமே பந்திங் ரோட்டில் என் கணக்குப்படி "போலாம்" என்றேன். முதலாளி மிதித்தார். சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. எதிர் லோரி வந்துவிட்டது. முதலாளியின் கை தானாக இடது பக்கம் ஒடித்தது. லோரியின் காற்று என் கண்ணாடியில் அறைந்துவிட்டுப் போனது. அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. போனது என் பக்கமாக. "கொஞ்சம் கிட்டத்துல போச்சோ?" என்றார். "இல்லை முதலாளி, இடம் இருந்துச்சு," என்றேன்.

பிறகு மெக்கானிக்கிடம் கேட்டேன். அமெரிக்காவில் புகைக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள், இப்போது வருகிற என்ஜினுக்குப் பழைய மூச்சு கிடையாது, வண்டி பார்க்கத்தான் பெரிசு என்றார். முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை. அவர் அந்தக் காரைத் துணி வைத்துத் தானே துடைப்பார். எதற்கு அவர் மனசைக் கெடுக்க வேண்டும்? என் கணக்கை மாற்றிக்கொண்டேன். எதிரே ஒரு புள்ளி தெரிந்தாலே "இருங்க" என்பேன். அவர் வண்டி நன்றாக ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. அந்தக் கார் மெதுவானது. மோதினால் அடி வலது சீட்டுக்குத்தான்.

அடுத்த வருஷம் நாகம்மைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை நாராயணன் லண்டனில் படித்தவர். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கிட்டங்கி வாசலில் நான் நிற்பதைப் பார்த்து எனக்கென்று ஒரு நாற்காலி போடச் சொன்னவர் அவர்தான். எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இருந்ததில்லை. நீங்கள் எத்தனை தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

தோட்டத்து விஷயங்களை மாப்பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும் என்று முதலாளி அவரைக் கூட்டிப்போக ஆரம்பித்தார். நாலைந்து பயணம் நான் முன்னாலும் அவர் பின்னாலும் போனோம். ஒருநாள் கிளம்பும்போது முதலாளி என்னைப் பார்க்காமல், "மாப்பிள்ளை முன்னால உட்காரட்டும். அவரைப் பின்னால வெச்சுக்கிட்டுப் போறது நல்லா இல்லை," என்றார். சரிதானே. நான் பின்னால் ஏறினேன். கிள்ளான் தாண்டியதும், "அய்யாவு, அவருக்குச் சொல்லிக் குடு. இனிமே நீ அலைய வேணாம், கிட்டங்கியிலயே இரு," என்றார்.

அவர் எனக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்தார். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

சொல்லிக் கொடுத்தேன். பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, கண்ணாடி பளபளத்தால் போகலாம், ஆள் தெரிந்தால் போகக்கூடாது என்று சொன்னேன். மாப்பிள்ளை கவனமாகக் கேட்டார். படித்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நான் கூட இருந்தவரைக்கும் எசகுபிசகான இடங்களில் நானே முந்திக்கொண்டு "இப்ப வேணாம்" என்றேன். முதலாளி என் குரலுக்குத்தான் பழகியிருந்தார். அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

நான் இல்லாமல் அவர்கள் முதல்முறை போனபோது நாகம்மையும் வருவதாக இருந்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் புதுச் சேலை வந்து இறங்கியிருக்கிறது, நல்லதெல்லாம் போய்விடும் என்று சொல்லி அவளை நிறுத்தி, நானே கடைக்கும் கூட்டிப்போனேன். கார் சாயங்காலம் பத்திரமாகத் திரும்பி வந்தது. ஹாரன் கேட்டதும் வாசலுக்கு ஓடினேன். என் மனசில் இருந்தது நிம்மதியா வேறு ஏதாவதா என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. இரண்டாவது தடவையும் ஏதோ சொல்லி அவளை நிறுத்தினேன். மூன்றாவது தடவையும். அவளுக்கு எதுவும் ஆகக்கூடாது என்றுதான். சின்னதிலிருந்து நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

மூன்றாவது தடவை கார் வரவில்லை. போன்தான் வந்தது.

செம்பனைப் பழம் ஏற்றிக்கொண்டு எதிரே வந்த லோரி. நான் போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் பழம் சிதறிக் கிடந்தது. காரின் இடது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வலது பக்கம் இல்லவே இல்லை. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். லோரி டிரைவர் சபாபதி என்று கிள்ளான் ஆள், ஓரமாக உட்கார்ந்து, "நான் என் லைன்லதான் வந்தேன் அண்ணே, என் லைன்லதான் வந்தேன்," என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். அதற்குப் பிறகு அவர் லோரி ஓட்டவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

முதலாளிக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைத்தான் கேட்டாராம். பக்கத்தில் போய் நின்றேன்.

"அவருக்குச் சரியாச் சொல்லிக் குடுத்தியா அய்யாவு?"

"எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லிக் குடுத்தேன் முதலாளி."

"போலாம்னு சொன்னார். நீ சொல்ற மாதிரியே சொன்னார்," என்றார். பிறகு, "படிச்ச பிள்ளை. அவசரப்பட்டுட்டார்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டவில்லை. வலது பக்கம் ஸ்டீயரிங் வைத்த ஜப்பான் கார் வாங்கி, சம்பளத்துக்கு டிரைவர் போட்டார். அந்தக் காரில் என்னை யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டிரைவருக்கே எல்லாம் தெரிந்தது. நான் இடது பக்கம் சும்மா உட்கார்ந்து வந்தேன். ஆனால் முதலாளிக்கு நடக்க ஆள் வேண்டும். இறங்கியதும் என் தோளில் கை வைப்பார். கடைசி வரைக்கும் அந்தக் கையை வைக்க வேறு ஆளை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படிப் போனது. நடுவில் யாரோ அமெரிக்கப் பத்திரிகை ஒன்று கொண்டுவந்து காட்டினார்கள். தண்டர்பேர்ட் இன்னும் சிறிதாகி, மூலையெல்லாம் உருண்டு, சோப்புக் கட்டி மாதிரி ஆகியிருந்தது. முதலாளி பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார்.

நாகம்மை பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன மாதம் முதலாளி தவறியபோது காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் தலையில் நரை விழுந்திருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். "அப்பாவுக்கும் எனக்கும் கடைசி வரைக்கும் நின்னது நீங்க ஒருத்தர்தான் அய்யாவண்ணே. பின்னால இருக்கிற வீட்டுல நீங்களே இருங்க. உங்களை நான் பார்த்துக்கிறேன்," என்றாள். தினமும் மூன்று வேளையும் அவளே கொண்டுவந்து வைக்கிறாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்கிறாள். குழம்பு காரமா, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்கிறாள். எனக்கு அசதியாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். பயமில்லை, வெறும் அசதி. அந்தத் தட்டுக்கு முன்னால் உட்காருவதைவிட இங்கே உட்காருவது சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் வந்தேன்.

பிரேக்கைத் தொட்டாயா என்று முதலில் கேட்டீர்கள். ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கக்கூட எனக்குத் தெரியாது. அப்படியானால் என்னதான் செய்தாய் என்றீர்கள். அதற்கு வருகிறேன்.

கடைசியாகச் சொல்லிக் கொடுத்த நாள் தோட்டத்து ஆபீஸ் வாசலில் காரில் சாய்ந்துகொண்டு மாப்பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். முதலாளி உள்ளே இருந்தார். நாங்கள் இருவர்தான்.

"அண்ணே, இந்தக் கணக்கு அந்தப் பழைய சின்னக் காருக்குப் போட்டதுதானே? இது இவ்வளவு கனமா இருக்கு. இதுக்கும் அதே கணக்குதானா?"

இருபது பேர் இருக்கிற கிட்டங்கியில் அதைக் கேட்கத் தோன்றிய ஒரே ஆள் அவர்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் இன்றைக்கு இருந்திருப்பார், நாகம்மைக்குப் பிள்ளைகள் இருந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அதே கணக்குதான் மாப்பிள்ளை," என்றேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பொய்யை நான் மாப்பிள்ளையிடம்தான் சொன்னேன். முதலாளியிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.