மாரா மரத்துச் சிவப்புத் துணி

இப்போதெல்லாம் யாரும் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பதில்லை. எங்கள் கேம்பஸ் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். ஃபோனைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள், பார்த்துக்கொண்டே போகிறார்கள். கேட்டில் நிற்பது மனுஷனா மாடா என்று அவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் மரியாதை தெரிந்த பிள்ளை என்றால் 'சீயா' என்று கூப்பிடும். சிங்களத்தில் தாத்தா. ஃபாதர்மார் 'வாச்சர்' என்பார்கள். எனக்குச் சவரிமுத்து என்று ஒரு பெயர் இருக்கிறது என்று நான் யாருக்கும் சொல்லப் போகவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

பெல்மதுளைக்கு மேலே இருக்கிற இந்த இடம் முன்பு தேயிலைத் தோட்டம். ஸ்டோர் இருந்த கட்டடம் இப்போது நூலகம். துரை பங்களாவில் ரெக்டர் ஃபாதரின் ஆபீஸ். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்று போர்டு போட்டிருக்கிறார்கள். சின்ன இடம்தான், ஆனால் விழாவுக்குக் குறைச்சல் இல்லை. இன்றைக்குக் கருத்தரங்கு, நாளைக்குக் கலைவிழா, அடுத்த கிழமை ஆயர் ஆண்டகை வருகை. பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போவார்கள். நாற்காலி தூக்குவது நான்.

கேட், புல்வெட்டு, நாற்காலி, இவற்றுக்கெல்லாம் யாரையும் வைத்துக்கொள்ளலாம். குளவி வேலைதான் என்னுடையது. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மரத்தில் கூடு இருக்கிறதோ அந்த மரத்தின் இடுப்பில் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். கொழுந்து எடுக்கிற பெண்கள் துணியைக் கண்டால் அந்தப் பக்கம் சத்தமாகச் சிரிக்கக்கூட மாட்டார்கள். வெடி, பூவாசம் எதுவும் அங்கே ஆகாது. குளவி கொட்டிச் செத்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். ஆகவே சும்மா கட்டுகிற துணி இல்லை அது. கேம்பஸிலும் நான் கட்டினேன். யாரும் சொல்லிக் கட்டவில்லை.

திறந்த நாள் விழாவுக்கு முந்திய கிழமை டெனிஸ் சேர் வந்தார். விழாப் பொறுப்பு அவரிடம். நம்ம பக்கத்துத் தோட்டத்துப் பையன்தான், படித்து விரிவுரையாளர் ஆனவர்.

"அங்கிள், இந்தச் செகப்புத் துணியெல்லாம் கழட்டிருங்க. ஆண்டகை வாறாரு. பாத்தா மே தினக் கூட்டம் மாதிரி இருக்குன்னு ஃபாதர் சொல்றாரு."

"அது குளவிக்குக் கட்டினது சேர்."

"குளவியா? நா இங்க வந்த நாள்லருந்து ஒரு குளவியும் பாக்கலயே."

"துணி இருக்கதாலதான் பாக்கல."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அவசரச் சிரிப்பு. "அடுத்த மாசம் கொழும்பு கம்பெனி வருது அங்கிள். கேட், புல்லு, எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. குளவிக்கு ஸ்ப்ரே வச்சிருக்காங்க. நீங்க இனிமே வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

வீடு என்றால் தோட்டத்து லயத்தில் ஒரு காம்பரா, ஒற்றை அறை. மனைவி செத்த பிறகு அங்கே அடுப்பும் நானும்தான். என்ன நிம்மதி இருக்கிறது என்று அவர் வந்து பார்த்ததில்லை.

நான் ரெக்டர் ஃபாதரிடம் போனேன். கேட்டை அவர்களே பார்க்கட்டும், குளவி வேலையை மட்டும் என்னிடம் விடுங்கள் என்று கேட்டேன். அவர் நல்லவர். உட்காரச் சொன்னார். "வாச்சர், இந்த வயசில எவ்வளவு காலத்துக்கு மரம் ஏறுவீங்க? ஜெபத்தில இருங்க" என்றார். கையில் ஒரு ஜெபமாலையை வைத்தார். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

அன்றைக்கே துணிகளையெல்லாம் அவிழ்த்தேன். முற்றத்தில் நிற்கிற பெரிய மாரா மரத்துத் துணியையும் அவிழ்த்தேன். சொன்னதைச் செய்தேன். பிறகு நடந்த விசாரணையில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன், ஃபாதரும் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் அதற்கு மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் மிச்சத்தையும் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

மிச்சம் இதுதான். மேடையை எங்கே போடலாம் என்று டெனிஸ் சேர் கேட்டார். மாரா மரத்தடியில் போடச் சொன்னேன். நல்ல நிழல், அது பொய்யில்லை. கூடு பின்பக்கத்துக் கொப்பில், இலைக்குள் இருந்தது. மழை தொடங்கியதிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதலில் கைப்பிடி அளவு, பிறகு பானை அளவு, பிறகு ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அளவு. எரித்திருக்கலாம். எரித்தால் கூடு இருந்தது யாருக்குத் தெரியும்?

ஆண்டகை வரும்போது கொளுத்த ரதிஞ்ஞா வெடி வாங்கி வந்திருந்தார்கள், நீளமான சரம். "சீயா, மேக கொஹெத எல்லன்னே?" என்று ஒரு பையன் கேட்டான். எங்கே தொங்கவிடுவது என்று. நான்தான் இடம் காட்டினேன். ஏணி வைத்து நானே ஏறிக் கட்டினேன். காலைக் குளிரில் குளவி அசையாது, மெதுவாகப் போகிறவனை ஒன்றும் செய்யாது. கூட்டுக்கு நேர் கீழே கட்டினேன்.

யாரையும் கொல்ல நினைக்கவில்லை. நாலு பேருக்குக் கொட்டட்டும், முகம் வீங்கட்டும் என்று நினைத்தேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஈரச் சாக்குகளை எடுத்து வைத்தேன். புகை போடப் பந்தமும் கட்டி வைத்தேன். கூட்டம் கத்தும், சேர்மாருக்கு ஒன்றும் தெரியாது. அப்போது ரெக்டர் ஃபாதர் ஆண்டகை முன்னால் சொல்வார்: சவரிமுத்து எங்கே, சவரிமுத்துவைக் கூப்பிடுங்கள். நான் சாக்கோடு போவேன். பிறகு கம்பெனியும் ஸ்ப்ரேயும் யாருக்கு வேண்டும்? இதில் பெரிய தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேறு எப்படித்தான் அவர்களுக்குக் காட்டுவது?

விழாவன்று தெரேசம்மா தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தாள். கேன்டீனில் சமைக்கிறவள், லயத்தில் எனக்கு அடுத்த காம்பரா. முழங்கால் நோவோடுதான் நடப்பாள், ஆனாலும் கேட் வரைக்கும் கோப்பையைக் கொண்டு வருவாள்.

"சவரிண்ணே, இன்னைக்காவது அந்தச் சட்டைய மாத்தக்கூடாதா? ஆண்டகை ஒங்களப் பாத்துட்டு அந்தோனியார் சுரூபத்துக்கு யாரு கரி பூசுனான்னு கேக்கப் போறாரு."

"நீ மட்டும் என்ன, பீலித் தண்ணியில நனைஞ்சு நேரா வந்த மாதிரி இருக்க."

"எனக்கென்ன, நா அடுப்படியில. எம் புள்ள இன்னைக்குக் கொயர்ல பாடுறா. சேப்பலுக்குள்ளதான். சன்னலோரம் நின்னு கேளுங்க. நீங்கதான் அவளுக்கு மாமன் மொற, நாளைக்கு அவ பட்டம் வாங்குறப்ப முன்னால ஒக்காரணும்."

அவள் மகள் நிருஷா சேப்பலுக்குள் இருப்பாள் என்பது எனக்கு நல்லதாகப் போயிற்று. தெரேசம்மாவும் கேன்டீனில், கதவு உண்டு. நான் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

ஆண்டகையின் வாகனம் கேட்டுக்குள் வந்தது. பையன்கள் வெடிக்கு நெருப்பு வைத்தார்கள். நான் தாங்கிக்குப் பின்னால் போய் நின்றேன்.

முதலில் புகைதான் தெரிந்தது. பிறகு அந்தப் புகைக்குள்ளிருந்து இன்னொரு புகை இறங்கியது. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையில் தட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நாற்காலிகள் விழுந்தன. "துவப்பங், துவப்பங்" என்று சிங்களத்தில், ஓடு ஓடு என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். ஓடக் கூடாது, படுக்க வேண்டும். யாருக்கும் தெரியவில்லை. டெனிஸ் சேர் ஃபோனில் ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று கத்தினார். ரெக்டர் ஃபாதர் ஆண்டகையை வாகனத்துக்குள் தள்ளித் தானும் ஏறிக் கண்ணாடியைச் சாத்தினார். நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கையில் சாக்கு ஈரமாக இருந்தது. தண்ணீர் காலில் சொட்டியது.

என் பெயரை யாரும் சொல்லவில்லை.

கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தேன். கூப்பிடாமல் போய் நின்றால், தானாக வந்த கிழவன் என்றுதான் ஆகும். நாளைக்கே மறந்துவிடுவார்கள். எனக்கு இவர்களைத் தெரியும்.

அப்போது கேன்டீன் கதவு திறந்தது. தெரேசம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். சேப்பல் பக்கம் போகவில்லை. கேட் பக்கம் போனாள், அங்கே நான் இல்லை. திரும்பி மரத்தடிக்கு வந்தாள்.

"சவரிண்ணே! எங்க இருக்கீங்க? வயசான மனுஷன், ஓட மாட்டாரே! சவரிண்ணே, கீழ படுங்க! நா வாறேன், படுத்துக்கங்க!"

கவிழ்ந்த நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து என்னைத் தேடினாள். அவளுக்குப் படுக்கத் தெரியும். தோட்டத்துப் பெண்ணுக்குத் தெரியாமலா. முந்தானை நழுவியது. அதை இழுத்துப் போடாமல் இன்னும் ஒரு தரம் கூப்பிட்டாள். தாங்கிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பூப்பாத்திதான் இருந்தது.

நான் காத்திருந்தேன். ஃபாதர் கண்ணாடியை இறக்கிக் கூப்பிடுவார் என்று நினைத்தேன்.

அவள் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போனேன். சாக்கால் மூடினேன், பந்தம் கொளுத்திப் புகை போட்டேன். எல்லாம் முறைப்படி செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மற்றவர்கள் வீக்கத்தோடு தப்பினார்கள்.

அடக்கப் பூசை பெரிதாக நடந்தது. ரெக்டர் ஃபாதர் பிரசங்கத்தில் தெரேசம்மாவைப் பற்றிச் சொன்னார், பிறகு தன் உயிரைப் பாராமல் புகை போட்ட நம் வாச்சரைப் பற்றியும் சொன்னார். விசாரணை விபத்து என்று முடிந்தது. கம்பெனிக்காரர்கள் கேட்டை எடுத்துக்கொண்டார்கள். குளவி வேலையை என்னிடமே விட்டார்கள். துணிகளைத் திரும்பக் கட்டச் சொல்லி டெனிஸ் சேரே புதுச் சிவப்புத் துணி வாங்கி வந்தார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் முதலிலேயே சொன்னது சரி என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

நேற்றுப் பகல் மாரா மரத்தில் துணி கட்டிக்கொண்டிருந்தேன். நிருஷா வந்து நின்றாள். கையில் ஃபோன் இல்லை. நிமிர்ந்து கொப்பைப் பார்த்தாள், பிறகு தாங்கியைப் பார்த்தாள்.

"மாமா, அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"தாங்கிக்குப் பின்னால."

"அம்மா கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் வரல?"

இப்படி நேராகக் கேட்டது அவள் ஒருத்திதான். ஆகவே நேராகவே சொன்னேன். வெடியைக் கட்டியது நான், இடம் காட்டியது நான், சாக்கும் தயாராக இருந்தது. "ஃபாதர் கூப்பிடுவாருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் புள்ள. எம் பேரச் சொல்லிக் கூப்பிடுவாருன்னு."

அவள் அழவில்லை.

"ஃபாதருக்கு ஒங்க பேரு தெரியாது மாமா. இங்க யாருக்குமே தெரியாது. விசாரணையில ஒங்க பேரக் கேட்டப்ப, அவரு என்கிட்டதான் வந்து விசாரிச்சாரு. எங்கம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும்."

போலீஸுக்குச் சொல்கிறாயா என்று கேட்டேன். அவள் சேப்பல் பக்கம் நடந்தாள். சொல்லட்டும். நான் எங்கே ஓடப்போகிறேன். ஆனால் அவள் கடைசியாகச் சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்தப் பிள்ளைகள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். தாயைப் பறிகொடுத்த கோபம், இருக்கட்டும். முடிச்சை இறுக்கிவிட்டு ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பங்களா வாசலில் ரெக்டர் ஃபாதர் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார், ஏதோ சொல்ல வந்தார். ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

அவருக்கு ஏதோ அவசரம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பெயர் தெரியாமல் இருக்குமா.