கீர்த்தனியின் தாவணி

— கிழியுங்கோ, நிருபன் அண்ணா. ஆறுதலாக் கிழியுங்கோ. வெளியில மண்டபத்தில இருநூறு பிள்ளையளின்ர கையில இருக்கிற புத்தகத்திலயும் அந்தப் பக்கம் இருக்கு.

— கேள் பிள்ளை றிஷானா. பிரதம விருந்தினர் எண்டு மாலை போட்டுக் கூட்டிவந்து, நீ எழுதின புத்தகத்தின்ர கடைசி அத்தியாயத்தை என்னையே வாசிக்கச் சொல்லுறாய். இது புத்தக வெளியீடோ, பழிவாங்கலோ?

— ரெண்டும்தான்.

— சின்னப் பிள்ளையளின்ர கதைக்குள்ள என்ர தங்கச்சி கீர்த்தனியின்ர சாவு எதுக்கு?

— அவ என்ர கூட்டாளி. பதின்மூண்டு வயசில போனவ. பிள்ளையளுக்குத்தான் அது விளங்கும்.

— சரி, இருக்கட்டும். தோணியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனது ஒரு பொடியன் எண்டு மாத்து. பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு முடிஞ்சு எட்டாம் நாள் எங்கட பெட்டை கடலுக்குப் போனவள் எண்டு வாசிச்சா, ஊர் என்ன சொல்லும்?

— ஊர் என்ன சொல்லும் எண்டுதானே தாவணியைச் சுத்தி அவவை வீட்டுக்குள்ள இருத்தினீங்கள். அதுக்கு முதல் கிழமைவரை கொட்டியாரக் குடாவில உங்களை முந்தி நீந்தினவ.

— கேள் பிள்ளை. அவள் தவறி விழுந்தவள். நான் பாய்ஞ்சனான். பிடிக்க ஏலாமல் போச்சு. இருபது வருசமா இந்தத் துறைமுகத்தில ஆரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவினம்.

— ஓம். அதுக்குத்தானே வருசா வருசம் தோணிப் போட்டியில உங்கட கையால கிண்ணம் குடுக்க விடுகினம். அவவைப் பிடிச்சுக்கொண்டுபோக நீந்தி வந்து, பாதியில களைச்சுத் தண்ணிக்குள்ள தாண்டது நீங்கள். தாவணியைக் கழட்டி எறிஞ்சிட்டுக் குதிச்சு, உங்களைத் தோணியில ஏத்திவிட்டது அவ.

— கடலில நாங்கள் ரெண்டு பேர்தான். எல்லாம் கற்பனை எண்டு மேடையில சொல்லுவன். உன்னை ஆர் நம்பப்போகினம்?

— தோணியில நானும் வந்தனான். நீங்கள் வாறதைக் கண்டு, வாப்பாவிட்டச் சொல்லிப்போடுவீங்கள் எண்ட பயத்தில மற்றப் பக்கம் தண்ணிக்குள்ள இறங்கி, விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்.

— பொய்.

— வாப்பாவுக்குப் பயந்து இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை. அது என்ர பங்கு, அதையும் எழுதியிருக்கிறன். உங்கட பங்கு, நீங்கள் கிழிச்ச பக்கத்தில இல்லை. அடுத்ததில.

— அதில என்ன இருக்கு?

— ஒரே ஒரு வரி. அவ களைச்சுப்போய் ஏறக் கை நீட்டேக்க, ஆம்பிளையளின்ர வள்ளம் ஒண்டு கிட்ட வர, நீங்கள் சொன்னது. 'தாவணி இல்லாமல் ஏறாத, கீர்த்தி. ஆக்கள் பார்க்கினம்.'