மூன்று தவணையிலும் ஒரே பதில்

தேநீரைக் குடியுங்கள் பிள்ளை, ஏலக்காய் போட்டிருக்கிறேன். இந்த வீட்டில் இருபத்துநான்கு வருடமாக நான் போடுகிற தேநீரை யாரும் மீதி வைத்ததில்லை. நீங்கள் கோப்பையைப் பார்க்கிற பார்வைதான் சரியில்லை. தூதரகத்தில் அப்படிப் பார்க்கத்தான் பழக்குவார்களாக்கும்.

என் பெயர் சுந்தரம்பாள். ஊர் சாவகச்சேரி. இங்கே புஜைராவில் ஓர் அரபு வீட்டில் சமையல். அரபு எனக்கு நன்றாக வரும். எல்லாம் அதனால் வந்ததுதான்.

செத்துப்போன துவாரகன் என் தங்கச்சியின் ஒரே மகன். அல் கூஸில் ஒரு கிடங்கில் வேலை. தொழிலாளர் கேம்ப் அறையில் ஆறு பேருக்கு ஓர் அடுப்பு. யார் எப்போது சமைப்பது என்று சுவரில் முறை எழுதி ஒட்டியிருந்தார்களாம். துவாரகனின் முறையில், ஹட்டன் பக்கத்துப் பாலா என்கிற பெடியன் உலை வைத்துவிட்டான். அதில் தொடங்கிய சண்டை. காஸ் சிலிண்டர் ஸ்பானரால் தலையில் ஒரே அடி. பாலா மறைக்கவில்லை, அடித்தது நான்தான் என்றான்.

சட்டம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். கொன்றவனின் உயிரை எடுப்பதா விடுவதா என்று செத்தவனின் வாரிசுகளைக் கேட்பார்கள். எல்லோரும் எடுக்கச் சொன்னால்தான் எடுப்பது. ஒருவர் மன்னித்தாலும் சிறையோடு போய்விடும். வாரிசு இரண்டு பேர்: என் தங்கச்சி, துவாரகனின் மனைவி சுகந்தா. இருவராலும் வர முடியவில்லை. எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினார்கள். நீதிமன்றத்தில் அவர்களுடைய வாய் நான்.

நீதிபதி அவசரக்காரர் இல்லை. மூன்று தவணை வைத்தார். மன்னித்தால் நல்லது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே கேட்டார்.

முதல் தவணைக்கு முந்திய நாள் ஊருக்குப் போன் எடுத்தேன். "அவன் இருக்கக் கூடாது, பெரிய மாமி" என்றாள் சுகந்தா. தங்கச்சி போனைப் பறித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ. என்ர பிள்ளை போயிட்டான். அவன்ர தாயும் என்னைப் போலக் கிடந்து அழ வேணுமோ?"

"உனக்கு ஆர் இதைச் சொல்லித் தந்தது? அந்தத் தாய் போன் எடுத்தவளோ?"

"அவளின்ர பேர்கூட எனக்குத் தெரியாதக்கா."

நான் நம்பவில்லை. பெற்ற மகன் மண்ணுக்குள் போய் நான்கு மாதம் ஆகவில்லை, மன்னிப்பு எங்கிருந்து வரும்? யாரோ அவளோடு பேசியிருக்க வேண்டும். பேசியிருந்தால் வேறு என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள்? அன்று கறிக்கு உப்புப் போட்டேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

மறுநாள் நீதிபதி கேட்டார். "இருவரும் உயிருக்கு உயிர் கேட்கிறார்கள்" என்றேன்.

தங்கச்சி இளகின மனசுக்காரி. இன்றைக்கு மன்னித்துவிட்டு, நாளைக்கு ஏன் மன்னித்தேன் என்று அழுவாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் தவணையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டார், அதையே சொன்னேன்.

மூன்றாவதில் பாலா என் பக்கம் திரும்பினான். "அம்மா, அன்னைக்கு போன்ல நீங்க சொன்னத ஐயாகிட்ட சொல்லுங்கம்மா" என்றான். மொழிபெயர்ப்பாளர் அதை அரபில் சொன்னார். நீதிபதி என்னைப் பார்த்தார். துவாரகன் போன் எடுத்தது உண்மை, சாப்பிட்டாயா என்று கேட்டேன் என்றேன். அது பொய்யில்லை. அதையும் கேட்டேன்தான்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சண்டை நடந்த அன்று நான் மாப் பிசைந்துகொண்டிருந்தேன். "பெரியம்மா, இவன் என்ர முறையில சமைக்கிறான். வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்கட இடத்தில வந்து நிக்கட்டே?" என்று துவாரகன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான். பின்னால் பாலா சிரித்தான். "ஒன் பெரியம்மாவையே வரச் சொல்லுடா, சண்டைக்கு" என்றான். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"நீ என்ன பொம்பிளையே? கையில கிடக்கிறதைத் தூக்கி அவன்ர மண்டையில போடு. பிறகு சிரிக்கமாட்டான்" என்றேன்.

துவாரகன் சொல் கேட்கிற பிள்ளை. தோசைக்கல்லைத் தூக்கினான். பாலா ஸ்பானரைத் தூக்கியது அதற்குப் பிறகு.

மற்ற நால்வரும் அந்த நேரம் டூட்டியில். நான் சொன்னதைக் கேட்டவர்களில் மிச்சம் பாலா ஒருவன்தான். சிறைக்குப் போகிறவன் ஒருநாள் வெளியே வருவான். மன்னித்த தாயைத் தேடிப் போய்க் காலில் விழுவான். விழுந்தால் பேசுவான். அதைத்தான் நான் மூன்று தவணையும் யோசித்தேன்.

சென்ற மாதம் ஒரு விடியலில் பாலாவை முடித்துவிட்டார்கள். பிறகு அவனுடைய தாய் எங்கேயோ விசாரித்து நம்பர் எடுத்து, "ஏன் தாயி, எம்புள்ளைய விடல?" என்று தங்கச்சியிடம் கேட்டிருக்கிறாள். "நான் விட்டனான் அம்மா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். இருவரும் ஒரு மணி நேரம் அழுதார்களாம். அதனால்தானே இன்றைக்கு நீங்கள் என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். போன் விஷயத்தைப் பாலா தாயிடம்கூடச் சொல்லாமல்தான் போயிருக்கிறான். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மன்னித்தது தங்கச்சி, கொன்றது நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். போனில் நான் சொன்ன பகுதியை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் பிள்ளை. பாவம், மகனைப் பறிகொடுத்தவள். தாங்கமாட்டாள்.