நூறு இஞ்ச்

— அறுபத்தஞ்சா? அதை டிவின்னு சொல்லாதப்பா, கைக்குட்டைன்னு சொல்லு.

— அண்ணே, சோபாவுக்கும் சுவருக்கும் எட்டடிதான். நூறு இஞ்ச் மாட்டுனா கழுத்து சுளுக்கிக்கும். சொல்றதைச் சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்.

— மாட்ட வந்தவன் மாட்டிட்டுப் போ. என் கழுத்தைப் பத்தி உனக்கென்ன கவலை?

— நீங்க ஏன் தம்பி வாயைக் கொடுக்குறீங்க? என் கொழுந்தன் போன மாசம் எழுபத்தஞ்சு வாங்கிட்டாரு. அன்னையிலேருந்து ஐயாவுக்கு வயிறு எரியுது.

— அவன் கிடக்கான் பொடிப்பய.

— ஸ்கூல் பஸ் ஓட்டுற மனுஷனுக்குத் தியேட்டர் கேக்குது! அதுக்கு என் ஜன்னலை அடைக்கணுமாம். அந்த வெளிச்சத்துலதான் மெஷின் போட்டுத் தைக்கிறேன். ஜன்னல் போச்சுன்னா என் தொழில் போச்சு.

— தொழிலாம் தொழில்! நாலு தலகாணி உறை தைக்கிறதுக்குப் பேரு தொழில். லைட்டைப் போட்டுத் தையேன்.

— இந்த வாய்க்கே நூத்தம்பது இஞ்ச் பத்தாது.

— அக்கா, சண்டை வேணாம். நான் எங்க போனாலும் முதல்ல சுவத்துல டேப்பு ஒட்டித்தான் அளவு காட்டுவேன். பெருசு கேட்டவங்க பாதிப்பேரு அதைப் பாத்ததுமே சின்னதுக்கு வந்துடுவாங்க. அண்ணே, சோபாவுல உக்காருங்க.

— உக்காந்தாச்சு. ஏணியில ஏறி உன் வித்தையைக் காட்டு.

— இது அறுபத்தஞ்சு. சுத்தி வெள்ளை டேப்பு, தெரியுதா?

— பொட்டு மாதிரி இருக்கு. அடுத்ததை ஒட்டு.

— இது எண்பத்தஞ்சுண்ணே.

— ம்... பரவாயில்லை. பிச்சைக்காரன் வீட்டு டிவி.

— இவரு அரண்மனையில பொறந்தவரு பாருங்க!

— இருங்கண்ணே, இறங்கிக்கிறேன்.

— இறங்கிட்டியா? ஆங், இதுதாம்பா நூறு! பாத்தியாடி, நாலு மூலையும் எப்படி நறுக்குன்னு நிக்குது! உன் ஜன்னல்ல பாதிதான் மறையுது, அதுக்கா இவ்வளவு ஒப்பாரி வச்சே? இதையே மாட்டிடுப்பா.

— அண்ணே... டேப்பு தீந்துடுச்சு. பையிலேருந்து புதுசு எடுக்கத்தான் இறங்கினேன். நூறு இன்னும் ஒட்டவேயில்லையே.

— என்னங்க, இங்க என்னைப் பாருங்க. அந்த அறுபத்தஞ்சு இஞ்ச் டேப்பாவது கண்ணுக்குத் தெரிஞ்சுதா? வாயைத் திறங்க! நாளைக்குக் காலையில நாப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு எப்படிங்க பஸ்ஸை எடுப்பீங்க?

— கத்தாதடி. அந்த ரோடு எனக்கு மனப்பாடம்.